காய் விட்ட காலமும் 'பிளாக்' பண்ணும் காலமும்

(நமது சனத்நகர் நிருபர்)

லிங்கம்பள்ளி போகும் மின்சார ரெயிலில் காலை வேளையில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். தெலுங்கு, உருது, இந்தி, நடுநடுவே நம் தமிழ் என்று நாலு மொழியில் பேச்சு நடக்கும். எந்த மொழியில் பேசினாலும் ஒரு சொல் மட்டும் மாறுவதில்லை. 'பிளாக்' என்பதே அந்தச் சொல்.

"அவனை பிளாக் பண்ணிட்டேன்" என்கிறார் ஒருவர். "பிளாக் சேசேசானு" என்கிறார் அடுத்தவர். "பிளாக் கர் தியா" என்கிறார் கதவோரம் நிற்பவர். மூன்று பேருமே ஏதோ பெரிய வேலையை முடித்துவிட்ட தோரணையில்தான் சொல்கிறார்கள்.

செல்போனில் அதிகம் பழகாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். வாட்ஸ்-அப்பிலோ பேஸ்புக்கிலோ ஒருவரை 'பிளாக்' செய்துவிட்டால் அவர் அனுப்பும் செய்தியும் அதில் கூப்பிடும் கூப்பாடும் நம்மை வந்து சேராது. சாதாரண போன் அழைப்பைத் தடுக்கவும் செல்போனில் தனியாக வழி இருக்கிறது. சண்டை முற்றினால் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடுகிறார்கள். மொத்தம் பத்து வினாடி வேலை.

தண்ணீரில் முடிந்த கோபம்

நம் ஊர்களில் பேச்சை நிறுத்துவதற்கு ஒரு கணக்கு இருந்தது. முதலில் 'முகம் கொடுத்துப் பேசுவதில்லை'. பேச்சு இருக்கும், முகம் மட்டும் வேறு பக்கம் பார்க்கும். அடுத்தது 'பேச்சு வார்த்தை கிடையாது'. அதற்கு மேலே போனால் 'வரப்போக இல்லை'. இன்னும் முற்றினால் 'அவன் வாசற்படி மிதிக்க மாட்டேன்'. பிறகு 'கை கழுவி விட்டேன்'. சொன்ன பேச்சு கேட்காத மகனைப் பற்றி 'தண்ணீர் தெளித்து விட்டேன்' என்பார்கள். எல்லாவற்றுக்கும் முடிவாக 'தலை முழுகி விட்டேன்'.

கடைசி மூன்றும் தண்ணீரோடு சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். தலை முழுகுவது சாவுக்குப் பிறகு செய்கிற காரியம். உயிரோடு இருப்பவனைச் செத்தவன் கணக்கில் எழுதிவிட்டேன் என்று அர்த்தம். பயங்கரமான வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவராவது "அவசரப்படாதே" என்று கையைப் பிடிப்பார்.

குழந்தைகளின் கணக்கு இன்னும் நேர்த்தியானது. 'காய்' விடுவார்கள். சாயங்காலம் 'பழம்' விடுவார்கள். சில ஊர்களில் 'டூ', பிறகு 'சேக்கா'. இங்கே ஐதராபாத் பிள்ளைகள் 'கட்டீப்' என்கிறார்கள், அதன் பிறகு மறுபடி 'தோஸ்த்'. காய் என்று பெயர் வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர். காய் என்றால் என்றைக்காவது பழுத்துத்தானே ஆக வேண்டும்?

ஆங்கிலேயரின் சொல்லையும் பார்ப்போம். பேஸ்புக்கில் நட்புப் பட்டியலில் இருந்து ஒருவரை எடுத்துவிடுவதற்கு 'அன்பிரண்ட்' என்று பெயர். 2009-ம் வருடம் அமெரிக்காவில் வெளியாகும் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் அதை அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். புதுச் சொல் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தாமஸ் புல்லர் என்ற பாதிரியார் 1659-ம் வருடமே அதை எழுதியிருக்கிறார். அவர் அதை எழுதியது தம்மோடு கருத்து வேறுபட்ட ஒருவருக்கு. இந்த வேறுபாட்டால் நாம் நட்பிழந்தவர்கள் ஆகிவிடக் கூடாது என்ற பொருளில் எழுதினார். முன்னூற்றைம்பது வருடத்தில் சொல் தலைகீழாகி விட்டது.

வாயில் மறுத்தல்

போரபண்டாவில் மகன் வீட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "பிளாக்குக்குத் தமிழ் என்ன ஐயா?" என்று கேட்டேன். "உங்கள் செல்போனுக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியே நம்மிடம் சொல் இருக்கிறது. வாயில் மறுத்தல்" என்றார் சிரித்துக்கொண்டே.

சங்க இலக்கியத்தில் மருதத் திணையில் வருகிற துறை அது. கணவன் வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறான். நேரே வர முகம் இல்லை. பாணனைத் தூது அனுப்புகிறான். அப்படித் தூது வருகிறவருக்கும் 'வாயில்' என்றுதான் பெயர். தலைவியோ தோழியோ அவனை உள்ளே விட மறுப்பது வாயில் மறுத்தல். மனம் இரங்கி ஏற்றுக்கொண்டால் வாயில் நேர்தல்.

"ஒன்று பாருங்கள்" என்றார் ஆசிரியர். "மறுக்கிறவள் வாசலில் வந்து நின்று மறுக்கிறாள். என்ன குற்றம் என்று சொல்லி மறுக்கிறாள். தூது வந்தவன் அதைக் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்கிறான்."

திருவள்ளுவரும் இதை விடவில்லை. ஆராயாமல் நட்புக் கொண்டால் பிறகு விடுதலை இல்லை என்று ஓர் இடத்தில் எச்சரிக்கிறார். பகைவர்கள் நண்பர்களைப் போல வந்தால் முகத்தில் மட்டும் நட்பைக் காட்டி, மனத்தில் வைக்காமல் விட்டுவிடச் சொல்கிறார் 'கூடா நட்பு' அதிகாரத்தில். இன்றைக்கு 'மியூட்' என்று சொல்கிறார்களே, ஆள் பட்டியலில் இருப்பார், சத்தம் மட்டும் வராது, அது இதுதான். ஐதராபாத் பாஷையில் சொன்னால் 'லைட் தீஸ்கோ'. காதலர் பிணக்கைப் பற்றிச் சொல்லும்போது அதை உப்புக்கு ஒப்பிடுகிறார். அளவாக இருந்தால் ருசி, கொஞ்சம் நீண்டாலும் கரிப்பு.

ஒற்றை 'டிக்'

இப்போது நடப்பதைப் பாருங்கள். வாட்ஸ்-அப்பில் உங்களை ஒருவர் 'பிளாக்' செய்தால் உங்களுக்கு எந்த அறிவிப்பும் வராது. நீங்கள் அனுப்பிய செய்தியின் ஓரத்தில் ஒரே ஒரு 'டிக்' அடையாளம் விழும். இரண்டாவது விழாது. எதிராளியின் படம் மறைந்துபோகும். கடைசியாக எப்போது வந்தார் என்ற நேரமும் தெரியாது. ஆனால் இவை எல்லாமே வேறு காரணத்தாலும் நடக்கக் கூடியவை. போன் அணைந்து கிடக்கலாம். படத்தை அவரே எடுத்திருக்கலாம். 'பிளாக்' செய்தவரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக வேண்டுமென்றே தெளிவில்லாமல் வைத்திருக்கிறோம் என்று கம்பெனியே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது.

'பிளாக்' செய்தவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். மாட்டிக்கொண்டவர் பாடு அப்படி இல்லை. ஒற்றை 'டிக்'கைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மனைவியின் போனை வாங்கி அதில் படம் தெரிகிறதா என்று சோதிப்பார். தெரிந்துவிட்டால் அன்று சாப்பாடு இறங்காது. நீலநிற 'டிக்' 2014-ம் வருடம் நவம்பரில் வந்தது முதல், படித்துவிட்டுப் பதில் போடவில்லையே என்ற குறை ஒன்று புதிதாகப் பிறந்தது. ஒற்றை 'டிக்' அதற்கும் மூத்த அண்ணன்.

இந்த வேதனை வெறும் மனப்பிரமை இல்லை என்று மனோதத்துவக்காரர்கள் சோதித்திருக்கிறார்கள். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேர் எறிந்த தட்டு அவர் மேல் வந்து விழுந்தது. எடுத்துத் திருப்பி எறிந்தார். அவர்களும் இவருக்குச் சில தடவை எறிந்தார்கள். பிறகு நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் ஆடினார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான். ஆனாலும் தமக்குச் சுருக்கென்றது என்கிறார் அவர். அதை வைத்து கம்ப்யூட்டரில் ஒரு பந்து விளையாட்டை உண்டாக்கினார். மூவர் ஆடுவார்கள், சற்று நேரத்தில் ஒருவருக்கு மட்டும் பந்து வராது.

2003-ம் வருடம் 'சயின்ஸ்' பத்திரிகையில் இந்த விளையாட்டை வைத்து ஒரு கட்டுரை வந்தது. பந்து கிடைக்காதவரின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, உடல் வலியின் வேதனையோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதி வேலை செய்தது என்றார்கள். அது அத்தனை நேரடியான சம்பந்தம் இல்லை என்று பின்னால் வாதாடியவர்களும் உண்டு. ஆனால் 2004-ல் வந்த இன்னொரு முடிவுதான் எனக்கு ஆச்சரியம். எதிரே ஆடுவது மனிதர்கள் இல்லை, வெறும் கம்ப்யூட்டர்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட பிறகும், பந்து வராதவர்கள் மனம் வாடினார்கள்!

ரெயில்வேயில் 'பிளாக்'

ரெயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பதால் 'பிளாக்' என்ற சொல் எனக்குத் தினசரிப் பழக்கம். அங்கே அதற்கு அர்த்தமே வேறு.

இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள பாதைத் துண்டுக்கு 'பிளாக் செக்‌ஷன்' என்று பெயர். ஒரு வண்டி அதற்குள் இருக்கும்போது இன்னொரு வண்டியை விட மாட்டார்கள். மோதாமல் இருப்பதற்காக வைத்த இடைவெளி அது. இந்த ஸ்டேஷன் மாஸ்டர் 'லைன் கிளியர்' கேட்பார், அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் கொடுப்பார். அதுபோல தண்டவாளம் பழுது பார்க்க 'லைன் பிளாக்' வாங்குவார்கள். எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை, யார் கேட்டது, யார் கொடுத்தது எல்லாம் எழுத்தில் இருக்கும். ஒப்புதலுக்கு அடையாளமாக ரகசிய எண்கள் பரிமாறிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் 'பிளாக்' நீக்கப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் எவராவது வீட்டுக்குப் போய்விட்டால் அந்தப் பாதையில் வண்டிகள் நின்றுவிடும்.

செல்போன் பிளாக்கில் நேரமும் இல்லை, கேட்டவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை.

தபாலில் கூட ஒரு முறை உண்டு. வந்த தபாலை வாங்க மாட்டேன் என்று சொன்னால், தபால்காரர் 'பெற மறுத்தார்' என்று உறையின் மேல் எழுதி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவார். நீ மறுத்தாய் என்ற செய்தியாவது அவனுக்குப் போய்ச் சேரும். தந்திக்காரர் சைக்கிளில் வந்தால் எந்தப் பகையாளியும் கதவைத் திறப்பான். அந்தத் தந்தியும் 2013-ம் வருடம் ஜூலை மாதத்தோடு நின்றுவிட்டது.

கடைசி முகம்

சனத்நகர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டில் சில வருடங்களுக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். வேலூர்ப் பக்கத்துக்காரர். ஊரில் இருக்கும் அண்ணனோடு வீட்டு மனைப் பங்கு விஷயத்தில் தகராறு. ஒருநாள் ராத்திரி வாட்ஸ்-அப்பில் ஆரம்பித்த பேச்சு வளர்ந்து, அண்ணனை 'பிளாக்' செய்தார். போனிலும் தடுத்தார். அண்ணன் மகனையும் சேர்த்துத் தடுத்தார். குடும்பத்து வாட்ஸ்-அப் குரூப்பில் இருந்தும் வெளியேறினார்.

எட்டு மாதம் கழித்து அண்ணி இறந்துவிட்டார். இவரைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர் அந்த அண்ணிதான். காலையில் அண்ணன் மகன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான். செய்தியும் அனுப்பியிருக்கிறான். குரூப்பிலும் போட்டிருக்கிறார்கள். எதுவும் இவரைச் சேரவில்லை. பாலாநகரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்து சொன்னார். காட்பாடி வழியாகப் போகும் சபரி எக்ஸ்பிரஸ் மதியமே போய்விட்டிருந்தது. பஸ் மாறி பஸ் ஏறி மறுநாள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து பால் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் சாவுக்குப் போக வேண்டும் என்பது நம் வழக்கம். பேசாத பங்காளியும் மாலையோடு வந்து நிற்பான், அன்றோடு பாதிப் பகை தீரும். அந்த வாய்ப்பு இவருக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வந்து அண்ணன் மகன் எண்ணை 'பிளாக்'கில் இருந்து எடுத்தார். அவன் அன்று அனுப்பியது இப்போதாவது வரும் என்று பார்த்தார். வரவில்லை. தடுத்திருந்த காலத்தில் அனுப்பிய செய்திகள் தடையை நீக்கிய பிறகும் வந்து சேருவதில்லை. வாட்ஸ்-அப்பின் அமைப்பு அப்படி.

சொந்த ஊரில் இருந்தால் யாராவது தெருவில் ஓடிவந்து சொல்லியிருப்பார்கள். நாம் இருப்பதோ வேறு மாநிலம். நமக்கும் ஊருக்கும் நடுவே இருப்பது ஒரு ராத்திரி ரெயிலும் இந்த செல்போனும்தான். சண்டை போட்ட வேகத்தில் இதையும் அறுத்துக்கொள்கிறோம்.

கூட்டமாக விலக்கினால்

தனி ஆள் செய்வது 'பிளாக்' என்றால் கூட்டம் செய்வது 'ரிமூவ்'. பழைய ஊர் விலக்கின் சாயல் இதில் இருக்கிறது. ஊரை விட்டுத் தள்ளி வைத்தால் நெருப்பு கொடுக்க மாட்டார்கள், தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், கடையில் சாமான் தர மாட்டார்கள். நம் தெலங்கானாவிலேயே நிஜாமாபாத் பக்கத்துக் கிராமக் கமிட்டிகள் குடும்பங்களைத் தள்ளி வைத்ததாகச் செய்திகள் வந்திருக்கின்றன. மராட்டிய மாநிலம் இதற்கென்றே 2016-ல் தனிச் சட்டம் இயற்றி 2017-ல் அமலுக்குக் கொண்டுவந்தது. மூன்று வருடம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

'பாய்காட்' என்ற சொல்லே அப்படித் தள்ளி வைக்கப்பட்ட ஒரு மனிதரின் பெயர்தான். 1880-ல் அயர்லாந்தில் ஒரு பிரபுவின் நிலத்தை நிர்வாகம் செய்துவந்த கேப்டன் பாய்காட்டோடு குடியானவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வேலையாட்கள் போய்விட்டார்கள். கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். வெளியூரில் இருந்து ஐம்பது ஆட்களை வரவழைத்து, அவர்களுக்குப் பட்டாளக் காவல் வைத்து அறுவடை முடித்தார்கள். வருட முடிவுக்குள் அவர் அயர்லாந்தை விட்டே போய்விட்டார்.

வாட்ஸ்-அப் குரூப்பில் இருந்து நீக்கினால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. இருந்தாலும் 'அட்மின்' என்ற நாட்டாமைக்கு உள்ள ஒரே தனி அதிகாரம் ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும்தான் என்று 2022-ல் கேரள ஐகோர்ட்டே ஒரு தீர்ப்பில் சொல்லிவிட்டது. இருக்கிற ஒரே அதிகாரத்தை மனிதன் சும்மா வைத்திருப்பானா? பொங்கல் விழா கணக்கைக் கேட்டவரை மறுநாளே நீக்கிய குரூப்புகள் நம் பக்கத்திலும் உண்டு.

தாழ்ப்பாள் தேவைதான்

இதையெல்லாம் படித்துவிட்டு 'பிளாக்' செய்வதே பாவம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கிருந்தோ எண்ணைப் பிடித்து ராத்திரி பதினொரு மணிக்கு 'ஹாய்' அனுப்பும் ஆண்களுக்கு ஒரு பெண் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாசலில் வந்து நிற்க வேண்டியதும் இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு இருக்கிறது? விருப்பம் இல்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு ஆண் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்பு கொண்டால் அது குற்றம். 2013-ல் கொண்டுவந்த அந்தப் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவாக இருக்கிறது. ஐதராபாத்தில் 2014-ம் வருடத்தில் இருந்து 'ஷீ டீம்' என்ற போலீஸ் பிரிவு இதற்கென்றே வேலை செய்கிறது. வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு அவர்களிடம் போகலாம்.

அந்நியனுக்குப் போட வேண்டிய தாழ்ப்பாளை அண்ணனுக்குப் போடுவதில்தான் சிக்கல்.

கம்பெனிக்காரர்களுக்கும் இது மெல்ல மெல்லப் புரிந்திருக்கும் போலிருக்கிறது. ஆரம்பத்தில் சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் வெட்டிவிடு என்றுதான் அதிகமாக வைத்திருந்தார்கள். 2014-ல் டுவிட்டரில் 'மியூட்' வந்தது. 2017 டிசம்பரில் பேஸ்புக்கில் 'ஸ்னூஸ்' வந்தது. ஒருவரின் பதிவுகளை முப்பது நாளைக்கு மட்டும் மறைத்து வைக்கும், பிறகு தானாகத் திரும்பும். 2019-ல் இன்ஸ்டாகிராமில் 'ரெஸ்ட்ரிக்ட்'. 2022-ல் வாட்ஸ்-அப் குரூப்பை விட்டு, அட்மினுக்கு மட்டும் தெரியும்படி ஓசையில்லாமல் வெளியேறும் வசதி. முகம் கொடுத்துப் பேசாமை, வரப்போக இல்லாமை என்று நம் பாட்டிமார் வைத்திருந்த படிகளை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

கை பட்டு ஆகிவிட்டது

நம் ஜனங்களும் சும்மா இல்லை. இலக்கணத்திலேயே ஒரு பின்வாசல் வைத்திருக்கிறார்கள். கோபத்தில் சொல்லும்போது "பிளாக் பண்ணிட்டேன்". கோபம் ஆறி, தடையை நீக்கிய பிறகு அதே ஆள் சொல்வது, "குழந்தை கை பட்டு பிளாக் ஆயிடுச்சு போலிருக்கு, மாமா. நான் கவனிக்கலை." 'பண்ணு' போய் 'ஆகு' வந்துவிட்டது. செய்தவன் யாருமில்லை, தானாக ஆனது. மூன்று வயதுக் குழந்தை நாலு தடவை விரலை வைத்தால்தான் ஆகும் காரியம் அது. மாமாவுக்கும் அது தெரியும். "அப்படியா, நானும் நெட்வொர்க் சரியில்லை என்றுதான் நினைத்தேன்" என்று அவர் பதிலுக்கு ஒன்று சொல்வார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல 'பழம்' இப்போது புழக்கத்தில் இல்லை.

இன்னொரு ஏற்பாடும் சில குடும்பங்களில் காணப்படுகிறது. 'நல்லது கெட்டது' என்றே பெயர் வைத்த வாட்ஸ்-அப் குரூப். அதில் காலை வணக்கம் போடக் கூடாது, பொன்மொழி போடக் கூடாது, அரசியல் கூடாது. பிறப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரி, சாவு இவை மட்டும். சண்டை போட்டவர்களும் அதில் இருந்து வெளியேறக் கூடாது என்பது ஒப்பந்தம். ஒருவரை ஒருவர் 'பிளாக்' செய்திருந்தாலும், இருவரும் இருக்கும் பொது குரூப்பில் ஒருவர் போடுவது மற்றவருக்குத் தெரியும். பலருக்கு இது தெரிவதில்லை.

மேலே சொன்ன தொழிற்பேட்டைக்காரரின் குடும்பத்திலும் இப்போது அப்படி ஒரு குரூப் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் இன்னும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. மனைப் பங்கு தகராறும் தீரவில்லை. போன தை மாதம் அண்ணன் மகன் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று செகந்திராபாத் வந்தான். எந்த வண்டி, எந்தப் பெட்டி, எத்தனை மணிக்கு வருகிறது என்று அண்ணன் அந்த குரூப்பில் போட்டார். யாருக்கு என்று எழுதவில்லை. தம்பி பதிலும் போடவில்லை. வண்டி நாற்பது நிமிடம் தாமதம். பிளாட்பாரத்தில் அவர் அதற்கும் முன்னால் இருந்தே நின்றுகொண்டிருந்தார்.